மந்த ரிலே

பெருந்துறை எக்ஸ்சேஞ்சில் ராத்திரி டூட்டி.
ஊர் அடங்கிய பிறகு ஒரு போன் கிளம்பினால்
எந்த ராக்கில் என்று காதே சொல்லிவிடும்.
டயல் சுற்றிய எண் ஒரே சீராக ஏறும்,
கிணற்றில் உருளை ஓடுகிற மாதிரி.

இது அப்படி ஏறவில்லை.
டக் டக் டக். நிறுத்தம்.
டக். நிறுத்தம்.
பிறகு ஐந்து அடி,
ஒரு தயக்கம்,
மூன்று அடி.

கைதான்.
டயலுக்குப் பூட்டுப் போட்ட போனில்
யாரோ கொக்கியைத் தட்டித் தட்டி எண் போடுகிறார்கள்.
மூன்று ஒன்று எட்டு, சானடோரியம் மூணாம் வார்டு.
எட்டு நடுவில் முறிந்து ஐந்தாகி
மணி அடித்ததோ மூன்று ஒன்று ஐந்தில்,
மாட்டு டாக்டர் கொமாரசாமி வீட்டில்.

காலையில் சைக்கிளோடு வந்துவிட்டார்.
"ஏனுங், பதினோரு மணிக்கு மேல தெனமும் ஒரு பொம்பளைங்.
மூணாம் வார்டுங்களாங்கறா.
மாட்டுக்கு ஏதுங் வார்டு?
இல்லீங்கன்னா, செரீங்கன்னு வெச்சுப்போடறா.
பின்னால ஒரே தறிச் சத்தம்."

விஜயமங்கலம் ரோட்டில் ராக்கியண்ணன் தறிக்குடோன்.
தறி நொடிக்கு இரண்டரை தரம் அடிக்கும்.
அதற்குள்ளேயே நின்று பழகிய விரல்
எவ்வளவுதான் ஓடும்?
ஆறு. முக்கினால் ஏழு.
ரூல் புத்தகம் கேட்பது பத்து.
ஒன்பதானாலும் பரவாயில்லை, பதினொன்றும் ஆகலாம்,
அந்த வரப்புக்கு வெளியே
இலாகாவுக்குப் பொறுதி கிடையாது.

அடிக்கும் அடிக்கும் நடுவே இழுத்துவிட்டால்
செம்பு வளையம் மாட்டிய மந்த ரிலே
பிடியை விட்டுவிடும்.
பேசி முடித்தாள் என்று எண்ணிக்கொள்ளும்.

முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்க வேண்டும்.
எழுதவில்லை.
பெரிய மனசெல்லாம் இல்லை, மூன்று நகல் எடுக்க வேண்டும்.
அதோடு, அவள் மூன்றிலும் ஒன்றிலும்
ஒருநாளும் தப்பியதில்லை.

ஸ்பிரிங்கை மயிரிழை இளக்கினால் போதும்.
ஆனால் எந்த செலக்டரில் வந்து விழுவாள்?
எது காலியோ அது.
அவளுக்கென்று ஒன்றைத் திருத்த வழியில்லை.
ஒன்பதையும் இளக்கினேன்.

பஞ்சு அடைந்து டயல் சோம்பிப்போன
ஜின்னிங் பேக்டரிக்கும் அந்த வாரம் நேர் எண் கிடைத்தது.
எண்ணெய் மண்டிக்காரர்
"லைனு இப்பத் தேவுலீங்" என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பதினொன்று பத்து.
மூன்று. ஒன்று.
ஐந்து அடி,
தயக்கம்,
ஆறு ஏழு எட்டு.
மணி போய்ச் சேர்ந்தது. யாரோ எடுத்தார்கள்.
டெஸ்ட் போன் ஆணியிலேயே தொங்கியது.

மாசக் கடைசியில் ஈரோட்டிலிருந்து
இன்ஸ்பெக்டர் கருவியோடு வந்தார்.
ஒன்பதும் அளவுக்கு வெளியே.
"என்னய்யா, ஊருக்கே தாராளம்?"
தூசுங் சார் என்றேன்.
தூசு ஸ்பிரிங்கை இளக்காது, அவருக்கும் தெரியும்.
ஏழை இறுக்கினார்.
எட்டாவதைத் திறக்கும்போது பஸ் ஹாரன் அடித்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடி கொமாரசாமி.
புகார் இல்லையாம்.
"நேத்து நானே சொல்லிப்போட்டனுங்.
எட்டுலதான் கண்ணு தப்புது,
நிக்காம தட்டு, நான் வெச்சுப்போடறன்னு.
அப்பறமும் எனக்கேதானுங் வந்துச்சு.
அந்தாளு எப்படி இருக்காருன்னு
கேக்கோணும்னு இருந்தன், கேக்கலீங்."

இறுக்கிய ஏழுக்கும் பிஸி சாவி உண்டு.
இன்றைக்குப் பதினொன்றுக்கெல்லாம்
ஏழையும் தள்ளி வைத்துவிட்டேன்.
கால் மணி நேரம்
பெருந்துறையில் அந்த வரிசைக்கு இரண்டே வழி,
இரண்டும் இளகினது.
வேறு யாராவது அவசரமாகக் கூப்பிட்டால்
நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

பதினொன்று பத்து. பதினொன்று பன்னிரண்டு.
டக் டக் டக்.
டக்.
செலக்டர் முதல் படியில் ஏறி
நிற்கிறது.